கடைசி சைபரைத் தின்ற மூன்று பைட்

நேற்று ராத்திரி பத்தரைக்கு நெடுங்கண்டத்திலிருந்து ஒரு வாட்ஸப் வந்தது. "அண்ணே, டோட்டல் சரியா இருக்கு. போட்டோவும் தெறக்குது." இந்த ஒரு வரியை வாங்க எனக்கு ஒன்பது நாள் ஆனது. இரண்டு தடவை மலையேறி இறங்கினேன். நன்றாக இருந்த ஒரு கணினியில் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டேன். எல்லாம் மறந்துபோவதற்குள் எழுதிவைக்கிறேன்.

எனக்குத் தொழில் போடிநாயக்கனூரில் கணினி பழுது பார்ப்பது. கூடவே ஊர்க் கடைகளுக்குச் சின்னச் சின்ன இணையதளங்களும் செய்து கொடுப்பேன். கோளாறு வந்தது, ஓர் ஏலக்காய் வியாபாரிக்காக 2019இல் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிய தளத்தில். எங்கள் ஊரில் 'இன்னிக்கு ஏலம் எவ்வளவுக்கு ஏலம் போச்சு' என்று கேட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இங்கே போடியிலும், மலைக்கு மேலே கேரளாவில் புற்றடியிலும் நடக்கிறது. விளைவது மேலே, வியாபாரம் மேலும் கீழும். அதனால் இவருக்கு நெடுங்கண்டத்தில் ஒரு சின்ன அலுவலகம். அங்கே ஒரு தங்கச்சி கணக்குப் பார்க்கிறது. தோட்டத் தொழிலாளிக் குடும்பம், நாலு தலைமுறையாக மலையில் இருக்கிறார்கள். என்னிடம் தமிழ், எடை போடுகிறவரிடம் மலையாளம்.

வேலை இப்படி. மேலே காய் எடை போட்டதும் சீட்டைப் போட்டோ எடுத்துத் தளத்தில் ஏற்றிவிடுவார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு அன்றைய கொள்முதல் முழுவதையும் ஒரு சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து அட்டவணை) கோப்பாகத் தளமே எழுதி வைக்கும். அந்தத் தங்கச்சி அதை இறக்கி, எக்செலில் திறந்து, கையிருப்போடு ஒத்துப் பார்க்கும். சீட்டுகளில் விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண் இருப்பதால் கோப்புகளை நேரடி முகவரியில் வைக்கவில்லை. வெளியிலிருந்து எட்ட முடியாத ஒரு கோப்புறையில் இருக்கும். உள்ளே நுழைந்தவர் யார் என்று பார்த்துவிட்டு ஒரு ஸ்கிரிப்ட் எடுத்துக் கொடுக்கும். வெறும் இருபது வரி. நாலு வருஷமாக அதை நான் திறந்துகூடப் பார்த்ததில்லை.

முதல் புகார் வந்தபோது நான் அதைப் புகாராகவே எடுக்கவில்லை. "அண்ணே, போட்டோ தெறக்கலே." சிக்னல் பிரச்சினை, மறுபடி இறக்கிப் பார் என்றேன். மலையில் எது நின்றாலும் சிக்னல் மேல் பழி போடுவது எங்களுக்குப் பழக்கம். மூன்று வாரம் கழித்து முதலாளியே கூப்பிட்டார். "தம்பி, என்னப்பா இது, நாலே முக்கால் லட்சத்துக்கு மேலே வாங்கின காய்க்கு நாற்பத்தெட்டாயிரம்னு காட்டுது?"

மொத்தம் 4,82,500 இருக்க வேண்டிய இடத்தில் 48,250 இருந்தது. மேலே இருந்த வரிசையெல்லாம் சரி. அடியில் மொத்தத்தில் மட்டும் ஒரு சைபர் இல்லை. அந்தத் தங்கச்சி கைதவறி அழித்திருக்கும் என்று நான் நினைத்தேன். நினைத்ததோடு விடாமல் முதலாளியிடம் சொல்லியும்விட்டேன். இந்த ஒன்பது நாளில் செய்த தப்புகளிலேயே இப்போதும் உறுத்துவது இதுதான். முந்தின நாள் கோப்பை நான் கேட்டு வாங்கிப் பார்த்திருந்தால் அதிலும் கடைசி இலக்கம் இல்லாமல் இருந்தது தெரிந்திருக்கும். அன்றைக்கு மொத்தம் 91,340. காட்டியது 9,134. வரத்து குறைந்த நாள் என்று யாரும் கண்டுகொள்ளவில்லை.

முதல் மலையேற்றம். முந்தல் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவு, போடிமெட்டு, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, அப்புறம் நெடுங்கண்டம். பைக்கில் போனால் வழியில் ஏலத்தோட்டத்து வாசனைக்கே போன காசு கழியும். அன்றைக்கு மழை. அந்த அலுவலகக் கணினியில் வைரஸ் என்று தீர்மானித்தே போயிருந்தேன். ஒரு பென்டிரைவ் நிறையக் கருவிகள். ஸ்கேன் போட்டதில் ஒன்றும் இல்லை. அப்படியும் நம்பாமல் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டேன். பிரின்டர் டிரைவர் கிடைக்காமல் இரண்டு மணி நேரம் போனது. எல்லாம் முடித்து ஒரு போட்டோவை இறக்கினால், பழைய கதைதான். சாயங்காலம் ஐந்து மணி, மூடுபனி இறங்கிவிட்டது. அந்தத் தங்கச்சி ஒன்றும் சொல்லாமல் கட்டன் சாயா கொண்டுவந்து வைத்தது.

இறங்கி வந்து என் மடிக்கணினியில் தளத்தின் நகலை ஓடவிட்டு ஒரு போட்டோவை இறக்கினேன். அருமையாகத் திறந்தது. எக்செல் கோப்பும் திறந்தது. சந்தேகம் தீரட்டும் என்று நேரலைத் தளத்துக்கே போய் ஒரு பில்லை இறக்கினேன். அது பிடிஎஃப். அதுவும் திறந்தது. சரி, ஸ்கிரிப்டில் குற்றமில்லை, மேலேதான் கோளாறு என்று முடிவு கட்டினேன்.

அந்த முடிவில் இரண்டு ஓட்டை. ஒன்று, என் மடிக்கணினியில் இருந்தது பழைய நகல். இரண்டு, நேரலையில் நான் எடுத்துப் பார்த்தது பிடிஎஃப். பிடிஎஃப் படிக்கிற மென்பொருள்கள் தாராள மனசுக்காரர்கள். கோப்பின் முகப்பில் கொஞ்சம் குப்பை இருந்தாலும் தலைக்குறி எங்கே என்று தேடிக் கண்டுபிடித்துத் திறந்துவிடும். உள்ளே பக்கங்களின் இட அட்டவணை தள்ளிப்போயிருந்தால் தானே புதிதாகக் கட்டிக்கொள்ளும். போட்டோ சேமிக்கும் ஜேபெக் வடிவம் அப்படி இல்லை. முதல் இரண்டு பைட் (கோப்பு என்பது 0 முதல் 255 வரையான எண்களின் வரிசை, ஒவ்வோர் எண்ணும் ஒரு பைட்) 255, 216 என்று இல்லாவிட்டால் 'இது படமே இல்லை' என்று கதவைச் சாத்திவிடும். எக்செல் கோப்பு உள்ளுக்குள் ஒரு ஜிப். ஜிப்புக்குப் பொருளடக்கம் கடைசியில் இருக்கும். வால் நறுங்கினால் போச்சு. நான் மூன்று வகைக் கோப்பிலும் நேரலையில் சோதித்திருந்தால் போடியிலேயே, நாற்காலியை விட்டு எழாமலேயே பிடித்திருப்பேன்.

இரண்டாவது மலையேற்றம் நாலு நாள் கழித்து. இந்தத் தடவை என் மடிக்கணினியையும் என் போன் இணைப்பையும் கொண்டுபோனேன். அவர்கள் கணினி இல்லை, அவர்கள் இணைப்பும் இல்லை. அதிலும் போட்டோ திறக்கவில்லை. அந்த இடத்தில்தான் மலை நிரபராதி என்று எனக்கு விளங்கியது.

ஆனாலும் அடுத்த தப்பு காத்திருந்தது. இறக்கிய கோப்பின் அளவைச் சர்வரில் இருக்கும் அளவோடு ஒப்பிட்டேன். அன்றைய சிஎஸ்வி சர்வரில் 3,416 பைட். இறக்கியதும் 3,416 பைட். ஒரு பைட் கூடக் குறையாமல் வந்திருக்கிறது, அப்படியானால் வழியில் சேதம் இல்லை என்று நினைத்தேன். வருகிற பொருளின் எடை சரியாக இருந்தால் மூட்டையைப் பிரித்துப் பார்க்க வேண்டாம் என்று எந்த ஏலக்காய் வியாபாரியும் சொல்ல மாட்டான். நான் சொன்னேன்.

அன்று ராத்திரி வீட்டில் இரண்டு கோப்புக்கும் எம்டி5 கூட்டுத்தொகை, அதாவது உள்ளடக்கம் மாறினால் தானும் மாறிவிடும் கைரேகை மாதிரியான எண், எடுத்தேன். விண்டோஸில் இதற்குத் தனி மென்பொருள் வேண்டாம், சர்ட்யூட்டில் என்ற கட்டளையே எடுத்துக் கொடுக்கும். இரண்டும் வேறு வேறு. அளவு ஒன்று, உள்ளடக்கம் வேறு. அப்போதுதான் தூக்கம் கலைந்தது.

லினக்ஸில் ஓடி என்றொரு பழைய கட்டளை உண்டு. கோப்பின் பைட்டுகளை எண்களாக அச்சடித்துக் காட்டும். எனக்குப் பதினாறடிமானம் கண்ணுக்குப் பழகவில்லை, அதனால் சாதாரணப் பத்தடிமான எண்ணாகவே கேட்பேன். சர்வரில் இருந்த அசல் ஒரு பக்கம், இறக்கியது மறு பக்கம். தலைப்பகுதி இப்படி இருந்தது:

அசல்: 224 174 164 224 175 ...
இறக்கியது: 239 187 191 224 174 164 224 175 ...

வால்பகுதி:

அசல்: ... 52 56 50 53 48 48 13 10
இறக்கியது: ... 52 56 50 53 48

முகப்பில் மூன்று பைட் கூடியிருக்கிறது, கடைசியில் மூன்று பைட் குறைந்திருக்கிறது. கணக்கு நேராகிவிட்டதால் மொத்த அளவில் வித்தியாசமே தெரியவில்லை. 48 என்பது சைபர் என்ற எழுத்தின் எண். 13, 10 இரண்டும் வரி முடிவுக் குறிகள். ஆக, காணாமல்போனது வரி முடிவும் ஒரு சைபரும். 4,82,500 எப்படி 48,250 ஆனது என்பதற்கு இந்த ஒரு வரி போதும். மணி ஒன்றரை. எழுந்து தண்ணீர் குடித்தேன். அந்தத் தங்கச்சி முகம் வந்துபோனது.

239, 187, 191 என்ற மூன்றும் சேர்ந்தால் அது பிஓஎம், தமிழ் எழுத்துகளையும் சேமிக்கத் தெரிந்த யூடிஎஃப்-8 கோப்பின் தலையில் சில மென்பொருள்கள் வைக்கும் அடையாளப் பொட்டு. அது எங்கிருந்து வந்தது என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் முதலாளி கடைப் பெயரையும் விவசாயிகள் பெயரையும் தமிழிலேயே போடச் சொன்னார். அவர் அலுவலகத்தில் இருப்பது விண்டோஸ் 7 ஓடும் பழைய கணினி. அங்கேயே உட்கார்ந்து, தளத்தின் அமைப்புக் கோப்பை (அதுவும் பிஎச்பிதான்) நோட்பேடில் திறந்து, கடைப் பெயரைத் தமிழில் அடித்து, யூடிஎஃப்-8 என்று தேர்ந்து சேமித்து ஏற்றிவிட்டேன். அந்தக் காலத்து நோட்பேட் யூடிஎஃப்-8 என்றாலே பொட்டு வைத்துத்தான் சேமிக்கும். விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்துதான் பொட்டில்லாமல் சேமிப்பது இயல்பானது. என் மடிக்கணினியில் வருஷக்கணக்காகப் பொட்டில்லாமலே சேமித்துப் பழகியதால் இது எனக்கு மறந்தே போயிருந்தது.

பிஎச்பியில் திறப்புக் குறிக்கு முன்னால் இருக்கும் எதுவும் அப்படியே வெளியே போகும். இடைவெளியோ, வெற்று வரியோ, கண்ணுக்குத் தெரியாத பொட்டோ, எதுவானாலும். இறக்கும் ஸ்கிரிப்ட் முதல் வேலையாக அமைப்புக் கோப்பை உள்ளே இழுக்கிறது. அப்போதே மூன்று பைட் கிளம்பிவிட்டது. அப்புறம், கோப்புக்கு முன்னால் பிரவுசருக்குப் போகும் விவரங்களில் ஒன்றான கன்டென்ட்-லெங்த் தலைப்பில் கோப்பின் அசல் அளவைச் சொல்லி, ரீட்ஃபைல் மூலம் கோப்பை அனுப்புகிறது. பிரவுசர் 3,416 பைட் என்று கேட்டுக்கொண்டு, பொட்டையும் சேர்த்து 3,416 வந்ததும் கையைக் கழுவிவிடும். கடைசி மூன்று பைட்டுக்கு இலையில் இடமில்லை.

இங்கே ஒரு கேள்வி எனக்கே வந்தது. முன்னாலேயே ஏதாவது வெளியே போய்விட்டால், 'தலைப்புகள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன' என்று பிஎச்பி கத்த வேண்டுமே? ஏன் கத்தவில்லை? காரணம், எங்கள் ஹோஸ்டிங்கில் வெளியே போவதைச் சேர்த்துவைத்து அனுப்பும் வெளியீட்டுத் தேக்கம் 4096 பைட்டுக்குப் போடப்பட்டிருக்கிறது. அந்த மூன்று பைட்டும் தேக்கத் தொட்டியிலேயே கிடந்தது. தலைப்புகள் ஒழுங்காக முன்னே போயின, பின்னால் தொட்டியில் இருந்ததும் கோப்பும் ஒன்றாக வடிந்தன. பிழைப் பதிவில் ஒரு வரியும் இல்லை. சாதாரண வலைப்பக்கங்களில் அந்தப் பொட்டைப் பிரவுசர் விழுங்கிவிடுவதால் அங்கேயும் ஒன்றும் தெரியாது.

மறுநாள் காலையில் திருத்தம். அவசரத்தில் எளிய வழியைப் பிடித்தேன். தலைப்புகளுக்கு முன்னால், தேக்க மட்டம் பூஜ்யம் ஆகும்வரை ஓபி_எண்ட்_க்ளீன் கூப்பிடும் ஒரு சுற்று. தொட்டியில் கிடக்கும் எதையும் கொட்டிவிட்டு அப்புறம் கோப்பை அனுப்பு என்பதுதான் அதன் பொருள். ஒரே வரி. போட்டோ திறந்தது, எக்செல் திறந்தது, மொத்தத்தில் சைபர் திரும்பி வந்தது. முதலாளிக்குப் போன் போட்டு முடிந்தது என்றேன்.

ராத்திரி ஒன்பதே காலுக்கு நெடுங்கண்டத்திலிருந்து போன். "அண்ணே, டோட்டல் வந்திருச்சு. ஆனா பேரெல்லாம் என்னமோ தொப்பி போட்ட எழுத்தா வருது."

சிஎஸ்வியை இரட்டைச் சொடுக்கில் திறக்கும்போது, தலையில் அந்தப் பொட்டு இருந்தால்தான் எக்செல் அதை யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்கிறது. இல்லாவிட்டால் பழைய குறியேற்றத்தில் படித்துத் தமிழைக் கந்தலாக்கிவிடுகிறது. விவசாயிகள் பெயரைத் தமிழுக்கு மாற்றியதும், அமைப்புக் கோப்பில் பொட்டு விழுந்ததும் ஒரே நாள். ஆக இந்த ஒரு மாதமும் தமிழ்ப் பெயர்கள் ஒழுங்காகத் தெரிந்ததே தப்பாக ஒட்டிக்கொண்ட அந்தப் பொட்டின் தயவில்தான். வீட்டுக்குள் புகுந்த திருடன் இத்தனை நாளும் வாசலில் காவலும் பார்த்திருக்கிறான்.

சரி, முறையாகச் செய்வோம் என்று உட்கார்ந்தேன். சிஎஸ்வி எழுதும் இடத்தில், கோப்பைத் திறந்ததும் முதல் மூன்று பைட்டாகப் பொட்டை நானே வைத்தேன். இப்போது அது கோப்பின் சொந்தப் பகுதி. அளவை எடுக்கும்போது அதுவும் சேர்ந்தே எண்ணப்படும், வால் நறுங்காது. அமைப்புக் கோப்பை நோட்பேட்++இல் திறந்து, பொட்டில்லாத யூடிஎஃப்-8 ஆக மாற்றிச் சேமித்தேன். தளத்தில் மொத்தம் 41 பிஎச்பி கோப்பு. எல்லாவற்றிலும் அந்த மூன்று பைட்டைத் தேடியதில் இன்னொன்றும் மாட்டியது, மொழிபெயர்ப்பு வரிகள் உள்ள கோப்பு. அதில் இன்னொரு கூத்து. முடிவில் ?> என்ற மூடும் குறிக்குப் பின்னால் மூன்று வெற்று வரி. அந்தக் குறியை ஒட்டி வரும் ஒரு வரி முறிவைப் பிஎச்பி தானே விழுங்கிவிடும், மிச்சம் இரண்டும் வெளியே போகும். நல்லவேளை, அந்தக் கோப்பை இறக்கும் ஸ்கிரிப்ட் இழுப்பதில்லை. வெறும் பிஎச்பி மட்டும் உள்ள கோப்புகளில் மூடும் குறியே வேண்டாம் என்பது இப்போது பலரும் ஏற்றுக்கொண்ட எழுத்து முறை. 41இலும் அதைத் தூக்கிவிட்டேன். அரை மணி நேர வேலை.

ஸ்கிரிப்டின் கடைசியில் 'இதோடு நிறுத்து' என்னும் எக்ஸிட் கட்டளை இருக்கிறதா என்றும் பார்த்தேன், இருந்தது. அது இல்லாவிட்டால் பக்கத்தின் அடிக்கட்டு எச்டிஎம்எல் எல்லாம் கோப்போடு ஒட்டிக்கொண்டு கிளம்பப் பார்க்கும்.

அத்தோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவு இங்கே நின்றிருக்கும். அடுத்த நாள் அந்தத் தங்கச்சி பழைய சீட்டு ஒன்றை எடுத்துப் பார்த்திருக்கிறது. ஒரு விவசாயியோடு எடைத் தகராறு. போட்டோ திறந்தது, ஆனால் மேல் கால்பாகம் மட்டும் சரியாக இருந்தது. அதற்குக் கீழே சாயம் போன சேலையைப் பிழிந்து போட்ட மாதிரி நிறம் மாறி, கோடு கோடாக, கடைசியில் வெறும் சாம்பல். எடை எழுதியிருந்தது அந்தச் சாம்பலில்.

இந்தத் தடவை பாடம் கையில் இருந்தது. நேராகச் சர்வரில் இருக்கும் கோப்பையே பார்த்தேன், ஸ்கிரிப்டைத் தொடவில்லை. ஏற்றும்போது தரவுத்தளத்தில் பதிந்த அளவு 12,84,306 பைட். சர்வரில் கிடப்பது 12,84,287. 19 பைட் குறைவு. இதில் அளவே காட்டிக்கொடுத்துவிட்டது. எல்லாச் சீட்டையும் இப்படி ஒப்பிட ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒரு குறிப்பிட்ட தேதிக்கு முந்திய 214 கோப்பில் அனேகமாக எல்லாமே குறைந்திருந்தன. பெரிய கோப்பில் இருபது முப்பது பைட், சின்னதில் நாலைந்து. அந்தத் தேதிக்குப் பின்னால் ஒன்றுகூட இல்லை.

அந்தத் தேதி, பழைய ஹோஸ்டிங்கிலிருந்து புதியதற்கு மாறிய நாள். பழையதை ஒரே ஜிப்பாக எடுத்து, என் விண்டோஸ் கணினியில் பிரித்து, கோப்புகளைச் சர்வருக்கு அனுப்பும் எஃப்டிபி வழியாக ஏற்றினேன். எஃப்டிபிக்கு இரண்டு நடை உண்டு. உள்ளதை உள்ளபடி அனுப்பும் பைனரி நடை ஒன்று, வரி முடிவுகளை ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றும் ஆஸ்கி நடை இன்னொன்று. 1985இல் வந்த வரையறையிலேயே இரண்டும் இருக்கின்றன. விண்டோஸில் வரி முடிவு 13, 10 என்று இரண்டு பைட். லினக்ஸில் வெறும் 10. ஆஸ்கி நடையில் ஏற்றினால் 13, 10 ஜோடி வரும் இடத்திலெல்லாம் 13 உதிர்ந்துவிடும். எழுத்துக் கோப்புக்கு அது உதவி. போட்டோவுக்கு அது எறும்பு அரித்த பலகை.

போட்டோவை ஏன் ஆஸ்கியில் அனுப்பியது? பாதுகாப்பு என்று நினைத்துக் கோப்புகளை .jpg போன்ற வால்பெயர் இல்லாமல், வெறும் எண் பெயரில் சேமித்து வைத்தது நான். 'வால்பெயர் இல்லாத கோப்பை ஆஸ்கியாக நடத்து' என்ற பெட்டியில் என் எஃப்டிபி மென்பொருளில் டிக் இருந்தது. அது அதன் வேலையைச் செய்தது.

கணக்கும் பொருந்தியது. இறுக்கிய தரவில் பைட்டுகள் கிட்டத்தட்டத் தாறுமாறாக இருக்கும். ஒரு குறிப்பிட்ட பைட் ஜோடி வர வாய்ப்பு 256 பெருக்கல் 256இல் ஒன்று, அதாவது 65,536 பைட்டுக்கு ஒரு தடவை. பன்னிரண்டே முக்கால் லட்சம் பைட்டில் இருபதுக்குப் பக்கம் வர வேண்டும். 19 குறைந்திருந்தது. பழைய ஜிப்பில் இருந்த அசலை எடுத்து 13, 10 ஜோடியை எண்ணினேன். சரியாக 19. ஒன்பது நாளில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷமான நிமிஷம் அது. பக்கத்தில் யாரும் இல்லை, சொல்லிக்கொள்ள.

உதிர்ந்த 13களைத் திரும்பச் செருகலாமா என்று கொஞ்ச நேரம் ஆசைப்பட்டேன். முடியாது. கோப்பில் ஆயிரக்கணக்கான 10 இருக்கிறது, அவற்றில் எந்தப் பத்தொன்பதுக்கு முன்னால் 13 இருந்தது என்று கோப்பே சொல்லாது. நல்லவேளை, பழைய ஜிப்பை ஒரு பென்டிரைவில் போட்டு மேஜை இழுப்பறையில் எறிந்திருந்தேன். இந்தத் தடவை ஜிப்பாகவே ஏற்றி, சர்வரிலேயே பிரித்தேன். 214இல் 211 சரியானது.

செலவுக் கணக்கு: பெட்ரோல் இரண்டு நடைக்கு 640 ரூபாய். சாப்பாடு, சாயா 230. புது பென்டிரைவ் 450, பழையதை இனி நம்பப் பயமாக இருந்தது. முதலாளி 2,000 கொடுத்தார். விண்டோஸ் மறு நிறுவலுக்குத் தனியாகக் காசு கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த தடவை இப்படி ஒரு புகார் வந்தால் முதலில் போடியிலேயே உட்கார்ந்து, நேரலைத் தளத்திலிருந்து ஒரு ஜேபெக், ஒரு சிஎஸ்வி இரண்டையும் இறக்கி, முதல் பதினாறு பைட்டையும் கடைசிப் பதினாறு பைட்டையும் அசலோடு வைத்துப் பார்ப்பேன். ஐந்து நிமிஷம் ஆகாது. முகப்பில் கூடினால் பிஎச்பி கோப்புகளில் தேட வேண்டும். வால் மட்டும் குறைந்தால் இணைப்பைப் பார்க்கலாம். நடுவில் அங்கங்கே குறைந்தால் எஃப்டிபி. ஏற்றும்போது அளவோடு எம்டி5ஐயும் தரவுத்தளத்தில் பதிய இப்போதே ஒரு பத்தி சேர்த்துவிட்டேன். வாடிக்கையாளர் கணினியில் உட்கார்ந்து நோட்பேடில் திருத்துவதை விட்டாயிற்று. வால்பெயரைத் திரும்பச் சேர்க்கலாமா என்று இன்னும் யோசனையில் இருக்கிறேன், 41 கோப்பில் எத்தனை இடத்தில் உடையும் என்று தெரியவில்லை.

அந்தத் தங்கச்சியிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன். முதலாளியிடமும் நேரில் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். "அது பரவாயில்லைண்ணே" என்றது தங்கச்சி. அப்புறம், "அந்த மூணு சீட்டு?" என்றது.

பென்டிரைவில் இல்லாத மூன்று சீட்டு. ஜிப் எடுத்ததற்கும் தளம் மாறியதற்கும் இடைப்பட்ட நாளில் ஏற்றியவை. காகிதச் சீட்டைத் தேடி மறுபடி போட்டோ எடுக்க வேண்டும். இரண்டு நெடுங்கண்டம் அலுவலகக் கட்டிலேயே கிடைத்துவிட்டது. மூன்றாவது, காய் உலர்த்தும் ஸ்டோரில் ஒரு சாக்கில் கிடக்கலாம் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மழை விட்டால் நானே போய்த் தேடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.